உடல் எடை அதிகமா? சைக்கிள் தேர்வு செய்வது முதல் ஓட்டிப் பழகுவது வரை ஒரு முழு வழிகாட்டி

நூறு கிலோவைத் தாண்டிய யாரும் சைக்கிள் வாங்கப் போனால் முதலில் கேட்பது "இது என்னைத் தாங்குமா?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கும்போது கண் ஃபிரேம் மேல் இருக்கும். ஃபிரேம் பெரும்பாலும் தாங்கிவிடும். முதலில் கைவிடுவது பின்சக்கரம். நேராக உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிப் பேச்சு பின்சக்கரத்தைச் சுற்றித்தான் இருக்கும். காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்ற கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, மூட்டுத் தேய்மானம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல ஏறாது, ஆகவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்ய முடியாது. சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

படி 1: உண்மையான எடையைக் கணக்குப் போடுங்கள்

சைக்கிள் கையேட்டில் எடை வரம்பு என்று ஒரு எண் இருக்கும். சில நிறுவனங்கள் ஓட்டுபவரின் எடையை மட்டும் சொல்லும், சில ஓட்டுபவர், சைக்கிள், பை எல்லாம் சேர்த்த மொத்த எடையைச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. உங்கள் எடை 118 கிலோ, சைக்கிள் 14 கிலோ, உடை, ஷூ, தண்ணீர், பூட்டு, பம்ப் எல்லாம் சேர்ந்து 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 137. பல சைக்கிள்களுக்குச் சொல்லப்படும் மொத்த எடை வரம்பு 136 கிலோ, அதாவது 300 பவுண்டு. 118 தானே, தாராளமாக இருக்கிறது என்று நினைத்தவர் உண்மையில் வரம்பைத் தாண்டிவிட்டார்.

வரம்பைத் தாண்டினால் மறுநாளே உடைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் உத்தரவாதம் போகும், தேய்மானம் கூடும். விற்பவர் "அதெல்லாம் தாங்கும் சார்" என்று வாயால் சொல்வதை நம்பாமல் கையேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபிரேமுக்கு ஒரு வரம்பு, சக்கரத்துக்கு வேறொரு வரம்பு என்று இருந்தால் இரண்டில் குறைந்த எண்தான் உங்கள் எண். 130, 140 கிலோ இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம், 150 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று எழுதியே விற்கும் சைக்கிள்கள் உண்டு. நெடும்பயணத்துக்கும் சரக்கு ஏற்றவும் வடிவமைத்தவற்றில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

படி 2: பின்சக்கரம். இங்கே அவசரப்படாதீர்கள்

சக்கரம் எப்படிப் பாரம் சுமக்கிறது என்று புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஸ்போக்ஸ் கம்பிகள் எல்லாம் இழுத்துக் கட்டப்பட்டவை. சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்துக்கு வரும் கம்பி கொஞ்சம் தளரும், மேலே போனதும் மறுபடி இறுகும். ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் ஒவ்வொரு கம்பிக்கும் ஏறக்குறைய 460 தடவை இது நடக்கிறது. கம்பி நன்றாக முறுக்கேறி இருந்தால் பிரச்சினை இல்லை. முறுக்குப் போதாமல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகத் தளர்ந்து, படக்கென்று இறுகி, கொஞ்ச நாளில் அதைச் சக்கர வளையமான ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் என்ற சிறு மரையாணி தானாகவே கழன்று கொடுக்கும். கயிற்றுக் கட்டிலில் ஒரு கயிறு தொய்ந்தால் பக்கத்துக் கயிறுகள் பாரத்தை வாங்குவது போல, அடுத்த கம்பிகள் அளவுக்கு மீறிச் சுமக்கும். பிறகு ஒருநாள் டங்கென்று ஒரு சத்தம், சக்கரம் பிரேக்கில் உரசும்.

உடைந்த கம்பியைப் பாருங்கள், அனேகமாக நடுவில் உடைந்திருக்காது. ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) துளைக்குள் நுழைந்து வளையும் அந்த முழங்கை இடத்தில்தான் முறிந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில், பல்சக்கரங்களுக்குப் பின்னால், அவற்றைக் கழற்றாமல் கையே நுழையாத இடத்தில். கியர்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன, இடப்பக்கத்தைவிட மிக அதிக இறுக்கத்தில் இருக்கின்றன, மிதிக்கிற விசையும் அந்தப் பக்கம்தான் வருகிறது.

ஆக, கம்பியை எண்ணிப் பாருங்கள். பின்சக்கரத்தில் 32 இருந்தால் போதும், 120 கிலோவுக்கு மேல் என்றால் 36 நிம்மதி. 20, 24 கம்பி போட்ட ஸ்டைலான சக்கரங்கள் கண்ணுக்கு அழகு, நமக்கு வேண்டாம். ரிம் இரட்டைச் சுவர் கொண்டதாக, அதாவது நடுவில் வெற்றிடம் விட்டு இரண்டு அடுக்காகச் செய்ததாக இருக்கட்டும். கம்பி முழுக்க ஒரே தடிமனாக இருப்பதைவிட, இரண்டு முனையும் தடித்து நடுவில் மெலிந்ததே நீண்ட நாள் உழைக்கும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் முழங்கையில் விழும் அடி குறைகிறது.

கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடும் இரண்டு கம்பிகளை விரலால் சேர்த்து அமுக்குங்கள். சக்கரம் முழுக்க இதேபோல் சுற்றி வாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு விறைப்பாக இருக்க வேண்டும். ஒன்று இரும்பாகவும் அடுத்தது நூலாகவும் இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சீராக முறுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் கோத்து வரும் சக்கரங்கள் பலவும் முறுக்குக் குறைவாகத்தான் வருகின்றன. புதுச் சைக்கிளில் முதல் 200, 300 கிலோமீட்டர் ஓட்டியதும் கோட்டம் எடுத்து, முறுக்கையும் சரிபார்த்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே கம்பி உடையும் தொல்லை பெருமளவு ஒழியும்.

அடுத்தது ஹப். விலை குறைந்த 6, 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் இருக்கும், அதாவது பல்சக்கரக் கூட்டம் மொத்தமும் ஹப்பின் மேல் மரை போட்டு ஏற்றப்பட்டிருக்கும். இதில் வலப்பக்கத்துப் பால்ரஸ் (பேரிங்) உள்ளே தள்ளி அமைந்துவிடும். அங்கிருந்து ஃபிரேம் வரை மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆக்சில் பிடிமானமே இல்லாமல் நீண்டு நிற்கும். கனமானவர் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த இடத்தில்தான் ஆக்சில் வளையும், சில சமயம் முறியும். பல்சக்கரங்களை மட்டும் ஹப்பின் மேல் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் கிட்டத்தட்ட ஃபிரேமின் ஓரம் வரை வந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. எது எது என்று கண்டுபிடிக்க, சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் கருவி மாட்டுவதற்கான பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட், அவை அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். 100 கிலோவுக்கு மேல் இருப்பவர் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கலாம் என்றால் கேசட்டில் பிடியுங்கள். ஃபிரேமின் இரு பக்கத்தையும் ஊடுருவிச் செல்லும் 12 மில்லிமீட்டர் தடிமனான த்ரூ ஆக்சில் இருந்தால் இன்னும் நல்லது.

படி 3: டயர்

அகலம்தான் முக்கியம். 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள, நடுப்பகுதி வழவழப்பான டயர் நமக்குச் சரி. 25, 28 மில்லிமீட்டரில் ஓட்டவே முடியாது என்றில்லை, ஆனால் காற்றைக் கல் மாதிரி அடைக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும், ரிம்மும் அடி வாங்கும். அகலமான டயர் என்றால் வேகம் போய்விடும் என்பது பழைய பயம். தார்ச்சாலைக்கான, பக்கச்சுவர் மெல்லிய டயராக இருந்தால் வித்தியாசம் சொற்பம். மலைச் சைக்கிளின் பெரிய கட்டை வைத்த டயர்தான் சாலையில் இழுக்கும்.

காற்று அளவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி: 110 கிலோ எடை, 42 மில்லிமீட்டர் டயர் என்றால் பின்னால் 55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 45 என்று வைத்து, ஓட்டிப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவையும் ரிம்மின் உச்ச அளவையும் தாண்டக் கூடாது. காற்றுக் குறைந்தால் நமக்கு வரும் பஞ்சரே தனி ரகம்: குழியில் இறங்கும்போது டியூப் தரைக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி இரண்டு ஓட்டை கண்டால் முள்ளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், காற்றைக் கூட்டுங்கள். அளவுகாட்டி வைத்த தரைப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது.

படி 4: ஃபிரேம், ஃபோர்க், பிரேக்

இரும்பா, அலுமினியமா, கார்பனா என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த உலோக ஃபிரேமும் நமக்குப் போதும். எடை குறைந்த சைக்கிளுக்கு அதிகக் காசு கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கணக்கு: 110 கிலோ ஆளும் 15 கிலோ சைக்கிளும் 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏற, ஈர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 136 வாட் சக்தி வேண்டும். சைக்கிளில் 2 கிலோ குறைத்தால் அது 134 ஆகும். அவ்வளவுதான். சமதளத்தில் காற்றுதான் பெரிய எதிரி என்பதால் அந்த 2 கிலோ தெரியவே தெரியாது. அந்தக் காசில் நல்ல சக்கரம் வாங்கலாம்.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருந்தால் சொகுசாகத் தெரியும். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் நம் எடைக்கு உட்கார்ந்ததுமே பாதி இறங்கிவிடும், மிதிக்க மிதிக்க ஊஞ்சலாடும், கூடவே எடையும் அதிகம். ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் அகலமான டயரும் சேர்ந்தால் அதைவிட நன்றாக இருக்கும். உண்மையிலேயே கரடுமுரடான பாதையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் காற்றழுத்தத்தை எடைக்கேற்ப மாற்றக்கூடிய ஃபோர்க் வாங்குங்கள், பின்பக்க ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளை மட்டும் தொடாதீர்கள்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. நிறுத்த வேண்டிய ஆற்றல் எடையோடு நேரடியாகக் கூடுகிறது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் சிறந்தது, இறக்கம் அதிகமுள்ள இடம் என்றால் முன்னால் 180 மில்லிமீட்டர் தட்டு போட ஃபோர்க் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடிப்பதுதான் சூட்டைக் குறைக்கும் வழி.

வகை என்று பார்த்தால், நேரான ஹேண்டில்பார் கொண்ட ஹைபிரிட், ஸ்பிரிங் இல்லாத மலைச் சைக்கிள், நெடும்பயணச் சைக்கிள் மூன்றில் ஒன்று. பந்தயச் சைக்கிளில் குனிந்தால் தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும். காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமமாக இருந்தால் தாழ்வான குறுக்குக் குழாய் கொண்ட ஃபிரேம் எடுக்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வடிவத்தில் ஃபிரேம் கொஞ்சம் நெளியும், எடை வரம்பை இரண்டு தடவை பாருங்கள். மின்சார சைக்கிள் ஏமாற்று வேலை இல்லை, ஏற்றத்தைக் கண்டு பயந்து வீட்டிலேயே கிடப்பதைவிட மோட்டார் துணையோடு போவது எவ்வளவோ மேல். அது தானே 20, 25 கிலோ வரும் என்பதை மட்டும் மொத்த எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: கியர்

அதிகக் கியர் எண்ணிக்கை முக்கியமில்லை, மிக லேசான கியர் எவ்வளவு லேசு என்பதே முக்கியம். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்னால் உள்ள மிகப் பெரியதன் பற்களை எண்ணுங்கள். பின்னால் உள்ள எண் பெரிதாகவோ, குறைந்தது சமமாகவோ இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 36 என்றால் பிரமாதம். மேடான ஊர் என்றால் இன்னும் லேசாக இருந்தாலும் வீணாகாது. கடின கியரில் முக்கி முக்கி மிதிப்பது முழங்காலைத்தான் தின்னும்.

படி 6: சீட்டும் உட்காரும் முறையும்

பலர் சைக்கிளைக் கைவிடுவது மூச்சு வாங்கியதால் இல்லை, உட்கார முடியாமல் போனதால். மெத்தை மாதிரி தடித்த சீட் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். அப்புறம் உட்காரும் எலும்புகள் அதற்குள் புதைந்து, நடுவில் பிதுங்கும் ஸ்பாஞ்ச் நரம்பையும் மென்சதையையும் அழுத்தி மரத்துப்போகச் செய்யும். வேண்டியது சரியான அகலமும் ஓரளவு உறுதியும். நெளிநெளியான அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கெட்டியான ஸ்டூலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். அவற்றின் மையத்துக்கு மையம் அளந்து, நிமிர்ந்து ஓட்டுபவர் என்றால் அதோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் கூட்டினால் சீட்டின் அகலம் கிடைக்கும். எலும்பின் அகலத்துக்கும் உடலின் பருமனுக்கும் சம்பந்தம் இல்லை, ஆகவே கனமானவருக்கு அகல சீட் என்று கண்ணை மூடி முடிவு செய்யாதீர்கள்.

சீட்டைத் தாங்கும் கம்பிகள் எஃகாக இருக்கட்டும். சீட் குழாயில் குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியவே கூடாது. நம் எடையில் அந்தக் கோட்டை மீறினால் குழாய் வளையும் அல்லது ஃபிரேமே விரிசல் விடும்.

உயரத்துக்கு எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலைக் கீழே கொண்டுவந்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் இயல்பான மடிப்பு இருக்கும். தரையில் இரண்டு காலும் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. பழகும் முதல் சில நாட்களுக்குப் பரவாயில்லை, அதற்குப் பிறகு உயர்த்திவிடுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் என்பது ஓரளவு நம்பக்கூடிய கணக்கு. கை மரத்துப்போனால் ஹேண்டில்பாரை உயர்த்துங்கள் அல்லது கொஞ்சம் அருகில் கொண்டுவாருங்கள். தொடை வயிற்றில் இடித்தால் அதற்கும் இதேதான், அதோடு 165 மில்லிமீட்டர் போன்ற குட்டையான பெடல் தண்டும் உதவும்.

உடையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ், உள்ளாடை இல்லாமல். தோள்பட்டை வார் வைத்தது என்றால் இடுப்பு எலாஸ்டிக் வயிற்றை அறுக்காது. தொடை உரசும் இடத்தில் கிரீம் தடவிக்கொள்ளுங்கள். டி-ஷர்ட் எதுவாக இருந்தாலும் சரி. ஹெல்மெட் கட்டாயம்.

படி 7: ஓட்டத் தொடங்குங்கள்

நடையைவிடவும் ஓட்டத்தைவிடவும் சைக்கிள் நமக்குச் சாதகம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், சைக்கிளிலோ எடையைச் சீட் சுமக்கிறது.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முதல் 20 நிமிடம், சமதளத்தில். காற்று எதிர்த்து வீசும் பக்கமாகப் புறப்படுங்கள், திரும்பும்போது களைத்திருப்பீர்கள், காற்று தள்ளும். வேகத்தைப் பார்க்காதீர்கள். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான அளவு. நிமிடத்துக்கு 70, 80 சுற்று என்று லேசான கியரில் கால் சுழலட்டும். பிறகு வாரத்துக்கு வாரம் ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மூன்று மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்புக்குள் வந்துவிடலாம். மேடு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு. உட்காரும் எலும்பு வலி முதல் சில வாரம் இருக்கும், ஒருநாள் இடைவெளி விடுவது அதற்கும் சேர்த்துத்தான். மரத்துப்போவது மட்டும் பழகிப் போகும் விஷயமில்லை, சீட்டை மாற்ற வேண்டும்.

சக்கரத்தைக் காப்பாற்றும் ஒரு பழக்கம் உண்டு. குழியோ வேகத்தடையோ வந்தால் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, சீட்டிலிருந்து ஓரங்குலம் எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்திக்கொள்ளுங்கள். சைக்கிள் உங்களுக்குக் கீழே ஏறி இறங்கிக்கொள்ளும். சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்தபடியே குழியில் விழுவதுதான் கம்பிகளை உடைக்கிறது. எடை குறைவான ஆள் அசட்டையாக ஓட்டினால் உடையும் சக்கரம், 120 கிலோ ஆள் இப்படி ஓட்டினால் பல ஆண்டு ஓடும்.

எடை குறைவது பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 110 கிலோ ஆள் மணிக்கு 15, 16 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் ஓட்டினால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகும் அளவைக் கழித்துவிட்டு, தோராயமாக 500 கிலோகலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700. அதாவது சாப்பாடு மாறாமல் இருந்தால் ஒரு கிலோவுக்கு 15 மணி நேரம் மிதிக்க வேண்டும். வாரம் நான்கு மணி நேரம் என்றால் மாதம் ஒரு கிலோ. இது குறைவாகத் தோன்றும், ஆனால் ஓட்டி முடித்ததும் வரும் பசியில் அந்த 500 ஐயும் பத்து நிமிடத்தில் திரும்பச் சாப்பிட்டுவிடலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். செயலி காட்டும் கலோரி எண்ணை நம்பிப் பரிசு கொடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சும் தூக்கமும் தராசைவிட முன்னதாகவே மாறும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் சவாரிக்குத் தண்ணீர் போதும், இனிப்பு பானம் தேவையில்லை (சர்க்கரை இறங்கும் ஆபத்து உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி கையில் வைத்திருக்கட்டும்).

படி 8: பராமரிப்பு

ஒவ்வொரு தடவையும் காற்று, பிரேக் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று கவனித்து, கம்பிகளைப் பழையபடி அமுக்கிப் பாருங்கள். நமக்குச் செயினும் பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயும், செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் செயின் அளவுகோல் 0.75 சதவீதம் காட்டுவதற்குள் மாற்றினால் பல்சக்கரங்கள் பிழைக்கும். ஃபிரேமைத் துடைக்கும்போது பெடல் தண்டைச் சுற்றியும், ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும், சீட் குழாய் நுழையும் இடத்திலும் மெல்லிய கோடு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். பெயின்ட் கீறல் நகத்தில் வழுக்கும், விரிசல் நகத்தைப் பிடிக்கும். சந்தேகம் வந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும்.

கம்பி ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றி, மற்றதையும் முறுக்கச் சொல்லுங்கள். கொஞ்ச இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது என்று உடைந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எல்லாமே ஒரே அளவு களைத்துவிட்டன என்று அர்த்தம். ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்து, 36 துளை இல்லாவிட்டாலும் 32 லேயே, நல்ல கம்பி போட்டு, கையால் கோக்கத் தெரிந்த ஒருவரிடம் சக்கரத்தை மொத்தமாகப் பிரித்துக் கட்டச் சொல்லிவிடுங்கள்.